வெப்பம், நேரம், அழுத்தம்: பதங்கமாதல் அச்சு பற்றிய ஒரு விளக்கம்

சென்ற ஆண்டு விழாவிலே எமது மாணவர்கள் அணிவதற்கென 42 ரீசேட்டுகள் வாங்கப்பட்டன. அவற்றுள் 19 பழுதாயின. அவை எங்ஙனம் பழுதாயின என்று பெற்றோர் எவரும் எம்மை நேரே கேட்கவில்லை. தேநீர் மேசையைச் சுற்றி நின்று மெல்லப் பேசிக்கொண்டனர், அவ்வளவே. ஆயினும் அவ்வுடைகள் பெற்றோர் தந்த பணத்தில் வாங்கப்பட்டவை. பணக்கணக்கைப் பொருளாளர் பொதுக்கூட்டத்தில் வாசித்துவிட்டார். பழுது எப்படி நேர்ந்தது என்னும் கணக்கு இன்னும் மிச்சமிருக்கின்றது. பொறியை இயக்கியவர்கள் நாமே ஆதலால் அதனை ஒப்புவிக்கும் கடமையும் எம்முடையதே. உயர்வகுப்பு மாணவர்கள் இவ்வாண்டு அப்பொறியைத் தாமே இயக்கக் கற்கவிருக்கின்றனர். அவர்களுக்கும் பயன்படுமாறு இம்மலரிலே இதனை எழுதுகின்றோம்.

பதங்கமாதல் என்னும் சொல்லை முதலில் விளக்குவோம். திண்மம் உருகித் திரவமாகும். திரவம் கொதித்து வாயுவாகும். இது நாம் நாள்தோறும் காண்பது. சில பொருள்கள் இடையிலுள்ள திரவ நிலையைத் தொடாமலே திண்மத்திலிருந்து நேரே வாயுவாகின்றன. சுவாமி அறையிலே திறந்தபடி கிடக்கும் கற்பூரம் சில வாரங்களிற் சிறுத்துப் போவதைக் கண்டிருப்பீர்கள். எலி கொண்டுபோய்விட்டது என்று அம்மம்மா சொல்லக்கூடும், எலி பாவம். கற்பூரம் பதங்கமாகிக் காற்றோடு கலந்துவிட்டது. இந்நாட்டின் கடுங்குளிர் நாட்களிலே, வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலே வராதபோதும், முற்றத்துப் பனி மெல்ல மெல்லக் குறைந்து போவதும் இதனாலேதான்.

வன்னியிலே விஞ்ஞானம் படிப்பித்த காலத்தில், ஆய்வுகூடத்தில் அயடீன் இல்லாமையால், இப்பாடத்தைக் கற்பூரத்தைக் கொண்டே நடத்தினோம். சுடுநீர்ப் பாத்திரத்தின் மேலே ஒரு தட்டு, தட்டிலே கற்பூரம், அதன்மேலே குளிர்ந்த நீர் நிரப்பிய கோப்பை. சற்று நேரத்தில் கோப்பையின் அடிப்புறத்திலே வெண்பொடி படியும். மேலே போனது மேலேயே மீண்டும் திண்மமாகியிருக்கும். இன்று நாம் கையாளும் அச்சு முறையின் உயிர்நாடி இந்தச் சிறு பரிசோதனையிலே அடங்கியிருக்கின்றது.

அச்சுப்பொறியிலே ஊற்றப்படும் மையில், வெப்பம் பட்டால் வாயுவாகும் சாயங்கள் கலந்திருக்கின்றன. படம் முதலிலே ஒரு சிறப்புத் தாளில் அச்சாகின்றது. அத்தாளைத் துணியின்மேல் கவிழ்த்து வைத்து, ஹீற் பிறெஸ் எனக் கடைக்காரர் கூறும் வெப்ப அழுத்தியால் அழுத்துகின்றோம். சாயம் வாயுவாகித் தாளைவிட்டு வெளியேறித் துணிக்குட் புகுகின்றது. தாளைக் கவிழ்ப்பதனால் இடம் வலமாகும். ஆகையால் எழுத்துகளைக் கண்ணாடியிற் காண்பது போல் மாற்றியே அச்சிடவேண்டும். அவ்வாறு அச்சாகி வந்த தாளைப் பார்த்த ஒரு சிறுமி, "சேர், இது எந்தப் பாஷை?" என்று கேட்டாள். வினா நியாயமானதே. தாளிலே வண்ணங்கள் மங்கி, சோர்ந்து காணப்படும். அதைக் கண்டு மனந்தளர வேண்டியதில்லை. சூடேறிய பின்னரே அவற்றின் உண்மை நிறம் வெளிப்படும்.

எல்லாத் துணியும் இச்சாயத்தை ஏற்காது. 1920களிலே அசிற்றேற்று என்னும் செயற்கை நாருக்குச் சாயமிடவென இவ்வினச் சாயங்கள் ஆக்கப்பட்டன. பின்னர் 1941 இல் இங்கிலாந்திலே ஜோன் ரெக்ஸ் வின்ஃபீல்ட், ஜேம்ஸ் ரெனன்ற் டிக்சன் ஆகிய இருவரும் பொலியெஸ்ரர் நாருக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தனர். அந்நாருக்கு இச்சாயங்களே மிகப் பொருந்தின. பொலியெஸ்ரர் நீண்ட சங்கிலிகளாலான பல்பகுதியம். குளிர்ந்த நிலையில் அச்சங்கிலிகள் இறுகிக் கிடக்கும். சுமார் 70, 80 பாகை செல்சியசுக்கு மேலே அவை நெகிழத் தொடங்கும். 190, 200 பாகையளவிலே சாயவாயு தாராளமாக உட்செல்லும் அளவுக்கு இடம் விடும். சூடு தணிந்ததும் சங்கிலிகள் மீண்டும் இறுகிச் சாயத்தை உள்ளேயே பூட்டிவிடும். இதனாலேதான் இவ்வச்சைத் தடவிப் பார்த்தாற் கையிற் படலம் எதுவும் தட்டுப்படுவதில்லை. தோய்த்தாலும் எளிதிற் போவதில்லை. பருத்தியோ இச்சாயத்துடன் உறவு கொள்வதில்லை. பருத்தியில் இட்ட படம் வெளிறும். தோய்த்தால் இன்னும் வெளிறும். பாதி பருத்தி கலந்த துணியிலே பொலியெஸ்ரர் பாதி மட்டுமே நிறம் பெறும். இம்மையிலே வெள்ளை நிறம் என்று ஒன்றில்லை என்பதையும் அறிந்துகொள்க. சாயம் ஒளியை ஊடுசெல்ல விடுவது. ஆகவே வெள்ளை அல்லது மிக மெல்லிய நிறத் துணியே வேண்டும். பீங்கான் குவளைக்கும் அலுமினியத் தகட்டுக்கும் மேலே பல்பகுதியப் பூச்சு இடப்பட்டிருந்தால் மட்டுமே படம் ஒட்டும். சமையலறைக் குவளையைக் கொண்டுவந்து தந்த பெற்றோரைத் திருப்பி அனுப்பியது இக்காரணத்தாலேயே, மனவருத்தம் வேண்டாம்.

இனி எமது பிழைகளுக்கு வருவோம்.

வெப்ப அழுத்தியிலே நாம் மாற்றக்கூடியவை மூன்று: வெப்பநிலை, நேரம், அழுத்தம். தாளை விற்றவர் 200 பாகை, 60 செக்கன் என்று எழுதித் தந்திருந்தார். காட்சித்திரையிலே 200 என்று பதித்து முதல் ரீசேட்டை அழுத்தினோம். எடுத்துப் பார்த்தால் துணி ஏறக்குறைய வெள்ளையாகவே இருந்தது. அழுத்தம் போதவில்லை என்று எண்ணித் திருகை இறுக்கினோம். அடுத்ததும் அப்படியே. நேரத்தை 180 செக்கனாக உயர்த்தினோம். பயனில்லை. நான்கு ரீசேட்டுகள் இவ்வாறு போயின. அப்பொழுது பேக்கரி ஒன்றிலே வேலைசெய்யும் ஒரு தந்தையார் அருகே வந்து திரையை உற்று நோக்கி, "மாஸ்ரர், இது பரனைற் எல்லோ? எங்கட போறணையும் இப்பிடித்தான் காட்டும்" என்றார்.

200 பாகை பரனைற் என்பது செல்சியசில் 93 பாகை மட்டுமே. தண்ணீர் கூடக் கொதிக்காது. பரனைற் அளவிலிருந்து 32 ஐக் கழித்து, வருவதை 5 ஆற் பெருக்கி 9 ஆற் பிரித்தால் செல்சியசு கிடைக்கும் என்பதை எத்தனையோ வகுப்புகளிலே கரும்பலகையில் எழுதிக் காட்டியவர்கள் நாம். கனடாவிலே வானிலையைச் செல்சியசிலும் சமையல் அடுப்பைப் பரனைற்றிலும் அளக்கிறார்கள் என்பதை 2010 தொடக்கம் இங்கு வாழ்ந்தும் மனத்திற் கொள்ளாமற் போனோம். 200 பாகை செல்சியசு வேண்டுமாயின் பரனைற்றில் 392 என்று பதிக்கவேண்டும்.

திரையிலே 400 என்று பதித்தோம். அடுத்த ரீசேட்டு பளிச்சென்று வந்தது. முன்னைய நான்கையும் பார்த்துச் சோர்ந்த கண்ணுக்கு அது பெருவிருந்தாக இருந்தது. விழாவுக்கு இடையில் ஓர் இரவே இருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக ஒன்பது அழுத்தினோம். முன்னர் இறுக்கிய திருகைத் தளர்த்த மறந்தோம். 180 செக்கனையும் குறைக்க மறந்தோம். நிலக்கீழ் அறையின் மஞ்சள் விளக்கிலே எல்லாம் சரியாகவே தெரிந்தன. காலையில் வெயிலிற் கொண்டுவந்து பார்த்தபோது கறுப்பு பழுப்பாகியிருந்தது. துணி சற்றே மஞ்சளித்துப் பளபளத்தது. எழுத்துகளின் ஓரங்கள் ஊறிப் பரவியிருந்தன.

ஊறிப் பரவுதல் ஆங்கில எழுத்துக்கு அவ்வளவு தீங்கு செய்யாது. தமிழுக்குச் செய்யும். எமது எழுத்திலே பொருளைத் தாங்குவன மிகச் சிறிய உறுப்புகள். இகரக் கொம்புக்கும் ஈகாரக் கொம்புக்கும் இடையில் ஒரு சிறு சுழியே வேறுபாடு. மெய்க்கும் அகரமேறிய உயிர்மெய்க்கும் இடையில் ஒரு புள்ளி. அளவுக்கு மிஞ்சிச் சூடேறும்போது சாயவாயு பக்கவாட்டிலும் படர்ந்து, சிறிய புள்ளி சுற்றுமுற்றும் கரைந்து போகின்றது. அவ்வுடைகளின் கீழ்ப்பகுதியிலே "எங்கள் தமிழ்" என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தோம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருவன் அதை விரல்வைத்து, "எஙகள தமிழ" என்று வாசித்தான். அவன் பிழை விடவில்லை. புள்ளி இல்லையேல் அகரம் சேர்த்து வாசிக்கவேண்டும் என்று அவனுக்குக் கற்பித்தவர்கள் நாமே. பணம் போனதைக் காட்டிலும் அவ்வாசிப்பே எம்மை வருத்தியது.

எஞ்சிய ஆறும் வேறு காரணங்களாற் பழுதாயின. இரண்டிலே எழுத்துக்குப் பக்கத்தில் அதன் நிழல் போல் இன்னொரு எழுத்து விழுந்திருந்தது. பொறியைத் திறந்தபோது தாள் சற்றே விலகி, இன்னும் வெளிவந்துகொண்டிருந்த வாயு பக்கத்திலும் படிந்தது. வெப்பந் தாங்கும் ஒட்டுநாடாவால் தாளை நான்கு பக்கமும் பிணைத்து, மூடியை மெதுவாகத் திறந்தால் இது நேராது. மற்றைய நான்கிலும் வெளிறிய திட்டுகள் இருந்தன. அவை நிலக்கீழ் அறையிலே கோடை முழுவதும் கிடந்த பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டவை, ஈரம் குடித்திருந்தன. சூடேறியதும் ஈரம் நீராவியாகித் தாளுக்கும் துணிக்கும் இடையே புகுந்து சாயத்தின் வழியைக் குழப்பியது. படத்தை வைக்குமுன் வெறுந்துணியை ஐந்து முதல் பத்துச் செக்கன் அழுத்தி ஈரத்தைப் போக்கவேண்டும். இதைச் செய்தால் துணியின் சுருக்கமும் நீங்கும். அக்கையோடு ஒட்டும் உருளையால் துணியிலுள்ள தூசியையும் எடுத்துவிடுக. ஒரு நீல நூற்றுணுக்கு வெள்ளைத் துணியில் நிலையான நீலக்கோடாகிவிடும்.

இவ்வளவும் கற்றபின், இம்முறை விழாவுக்கு மூன்று மாதம் முன்பே, பழுதான ரீசேட்டுகளின் அச்சில்லாத முதுகுப்பக்கத்தை வெட்டித் துண்டுகளாக்கி முறையான பரிசோதனை செய்தோம். சென்ற ஆண்டு நாம் செய்த பெரும் பிழை, மூன்று மாறிகளையும் ஒருங்கே மாற்றியது. எது எதை விளைவித்தது என்று அறியவொண்ணாமற் போயிற்று. மாணவர்கள் பரிசோதனை வினாக்களிலே எழுதும் "ஏனையவை மாறாதிருக்க" என்னும் தொடர் வெறும் புள்ளி பெறுவதற்கான தொடரன்று.

முதலில் அழுத்தத்தை நிலைப்படுத்தினோம். அதற்கு அளவுகருவி எம்மிடம் இல்லை. நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு கடதாசித் துண்டு வைத்து மூடி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தோம். நான்கும் ஒரேயளவு பிடித்துக்கொண்டால் தட்டு சமமாக அழுத்துகின்றது. ஒரு மூலைத்துண்டு வழுவழுவென்று வந்தால் அங்கே வாயு பக்கவாட்டில் தப்பிவிடும். அழுத்தம் மிகுந்தாலோ தாளின் ஓரம் துணியிலே கோடாகப் பதியும். கழுத்துப்பட்டி, தையல், பொத்தான் ஆகியவை தட்டின்கீழ் அகப்பட்டால் அவை தட்டைத் தூக்கிப் பிடிக்கும். அவற்றைத் தட்டுக்கு வெளியே தொங்கவிடுக.

அடுத்து, திரை சொல்லும் வெப்பநிலை உண்மைதானா என்று அகச்சிவப்பு வெப்பமானியாற் பார்த்தோம். திரை 400 என்றது. நடுவிலே ஏறக்குறைய அவ்வளவே இருந்தது. இடப்புற ஓரத்திலே 20 பாகை குறைவாக இருந்தது. உணர்கருவி இருக்குமிடத்து வெப்பத்தையே திரை காட்டுகின்றது. ஓரத்துக்காக அது பேசாது. ஆகவே எமது பொறியிலே படத்தை நடுவில் வைத்தலே நன்று.

பின்னர் 375, 385, 400 பாகை பரனைற் என மூன்று வெப்பநிலைகளையும், 40, 50, 60 செக்கன் என மூன்று நேரங்களையும் எடுத்துக்கொண்டோம். ஆக ஒன்பது துண்டுகள். எல்லாவற்றிலும் ஒரே சிறு படம்: கறுப்பு, சிவப்பு, நீலம், மஞ்சள் சதுரங்கள், ஒரு சாம்பல் நிறப் பட்டை, அதன்கீழே "எங்கள் தமிழ்" என்னும் சொற்கள். ஒவ்வொரு துண்டின் மூலையிலும் அளவைப் பேனாவால் எழுதினோம். சூடாறிய பின்னர், பகலிலே, யன்னலோரம் வைத்துப் பார்த்தோம். 375 இல் 40 செக்கன் பெற்ற துண்டிலே கறுப்பு வெளிறிச் சாம்பலோடியிருந்தது. தாளிலே மை நிறைய மிஞ்சியிருந்தது. 400 இல் 60 செக்கன் பெற்றதிலே வண்ணம் ஆழமாக இருந்தும் புள்ளிகள் கரையத் தொடங்கியிருந்தன. 385 பாகையில் 50 செக்கன் பெற்ற துண்டிலே கறுப்பு கறுப்பாகவும் புள்ளி புள்ளியாகவும் நின்றன. இது செல்சியசில் 196 பாகை. இவ்வளவு எமது பொறிக்கும் எமது மைக்கும் இந்த ரீசேட்டுக்கும் உரியது. வீட்டில் வேறு பொறி வைத்திருப்போர் இதனை அப்படியே எடுத்தாளாது, தம் மையையும் பொருளையும் விற்றவர் தரும் அளவிலிருந்து தொடங்கி மேலும் கீழும் சோதித்துக் கொள்வாராக.

பொருள் மாறினால் நேரம் மாறுவது ஏன் என்று ஒரு மாணவி வினவினாள். சாயம் தேடுவது பொறியின் வெப்பத்தையன்று. தான் புகவேண்டிய மேற்பரப்பின் வெப்பத்தை. மெல்லிய துணி விரைவிலே சூடாகும். அலுமினியம் வெப்பத்தை நன்கு கடத்துவதால் அதன் மெல்லிய தகடும் ஒரு நிமிடமளவிலே ஆயத்தமாகிவிடும். பீங்கானோ தடித்தது, வெப்பத்தை மந்தமாகக் கடத்துவது. குவளைக்கு மூன்று, நான்கு நிமிடங்கள் தேவைப்படும். இதே காரணத்தால், பொறி இப்போதுதான் சூடேறியிருக்க, கீழ்த்தட்டு குளிர்ந்து கிடக்கும்போது அழுத்தும் முதல் ரீசேட்டு பின்வருவனவற்றிலும் வெளிறி வரும். ஓரிரு முறை வெறுமனே மூடித் திறந்தபின் வேலையைத் தொடங்குக.

மின்சாரம் பற்றியும் ஒரு சொல். இங்குள்ள சாதாரண மின்சுற்று 120 வோற்று, 15 அம்பியர். பெருக்கினால் 1800 உவாற்று. எமது பொறியும் தேநீர்க் கேத்திலும் ஒரே சுற்றிலே இயங்கினால் பிரேக்கர் விழும். விழுந்தது. இரண்டில் எதை நிறுத்துவது என்பது பற்றிப் பெற்றோர் சிலருக்கும் எமக்கும் இடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. நீட்டிப்பு வயர் பயன்படுத்தலாகாது. யன்னல் திறந்திருக்கவேண்டும். மேல்தட்டுக்கு மை படியாவண்ணம் ஒவ்வொரு முறையும் புதிய காப்புத்தாள் இடவேண்டும். பழைய தாளிலுள்ள மை அடுத்த பிள்ளையின் உடையிலே விழும். 200 பாகைத் தட்டு ஒரு நொடியிலே கையைச் சுட்டுவிடும். பெரியவர் ஒருவர் அருகே இல்லாமல் மாணவர் எவரும் பொறியைத் தொடலாகாது.

இப்பரிசோதனைகள் நடந்துகொண்டிருக்கையிலே ஒரு தாயார் எம்மிடம் ஒரு புகைப்படத்தைக் கொண்டுவந்தார். அடையாள அட்டைக்கு எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பெருவிரல் அகலமே இருந்தது. 2009 இல் காணாமற் போன அவருடைய தமையனார். வேறு படம் இல்லை. அதனைப் பெரிதாக்கி அலுமினியத் தகட்டில் அச்சிட்டுத் தரமுடியுமா என்று கேட்டார். "மாலை போடுறதுக்கு இல்லை மாஸ்ரர். சும்மா சுவரிலை வைக்கத்தான்" என்றார்.

கறுப்பு வெள்ளைப் படமே இம்முறையில் மிகக் கடினமானது என்பதை அன்று கற்றோம். சாம்பல் நிறம் பல சாயங்களின் சமநிலையாலே உண்டாவது. அச்சாயங்கள் யாவும் ஒரே வெப்பத்திலே ஒரே வேகத்திற் பதங்கமாவதில்லை. சூடு குறைந்தால் சாம்பல் பச்சையோடக்கூடும், கூடினால் பழுப்போடும். வண்ணப் படத்திலே கண்ணுக்குத் தப்பும் பிழை, முகமொன்றின் சாம்பலிலே உடனே தெரியும். எம்மிடம் பெரிய தகடுகள் இரண்டே இருந்தன. அவற்றைத் தொடாமல், அதே பூச்சுள்ள சிறு சாவித்தகடுகளிலே முதலிற் சோதித்தோம். ஒன்றிலே காப்புப் படலத்தை உரிக்க மறந்து, அது உருகிப் பாழாயிற்று. 400 பாகையில் 75 செக்கன் வைத்த தகட்டை எடுத்துக் காட்டினோம். எமக்கு அது நன்றாகவே தோன்றியது. அவர் நெடுநேரம் பார்த்தார். "அண்ணா நல்ல கறுப்பு மாஸ்ரர். இது ஆரோ போலை இருக்குது" என்றார்.

மை விற்றவர் தந்த நிறச்சீரமைப்புக் கோப்பைக் கணினியிற் சரியாக நிறுவினோம். நேரத்தை ஐந்து ஐந்து செக்கனாகக் குறைத்துச் சென்றோம். நான்காவது சாவித்தகட்டிலே பழுப்பு நீங்கியது. அவர் தலையசைத்த பின்னரே பெரிய தகட்டை வைத்தோம். இரண்டாவது பெரிய தகடு இன்னும் உறை பிரியாமல் அலுமாரியில் இருக்கின்றது.

ஒவ்வொரு அச்சின் அளவையும் எழுதும் குறிப்பேடு பொறிக்குப் பக்கத்து மேசையிலே கட்டித் தொங்கவிடப்பட்டுள்ளது. திகதி, பொருள், வெப்பநிலை, நேரம், அழுத்தம், விளைவு, பெயர் என ஏழு நிரல்கள். பழுதானவற்றையும் எழுதவேண்டும், எமது 19 உம் முதற் பக்கத்திலேயே உள்ளன. அத்தகட்டுக்கான வரியிலே 400 பாகை பரனைற், 60 செக்கன், நடுத்தர அழுத்தம் என்று நாம் எழுதினோம். பெயர் என்னும் நிரலில் எழுதவேண்டியது அச்சிட்டவரின் பெயர். அத்தாயார் பேனாவை வாங்கி அங்கே தமையனாரின் பெயரை எழுதினார். அதனை அப்படியே விட்டிருக்கின்றோம்.